தண்ணீர் கேன் வண்டிக்கு வழி காட்டும் செயலி வாங்கலாமா?

கேள்வி: மேற்கு மாம்பலத்திலும் தி.நகரிலும் 3 சின்ன யானை வண்டிகளில் தண்ணீர் கேன் போடுகிறோம். நடைக்கு 25 வீடு. மழை வந்தாலோ தெருவைத் தோண்டினாலோ ஒரு மணி நேரம் வீணாகிறது. கூகுள் மேப் போதுமா, மாதக் கட்டணச் செயலி வேண்டுமா?

பதில்: நெரிசலைப் பார்த்து பாதையை மாற்றுவதைக் கூகுள் மேப் இலவசமாகவே செய்கிறது. ஆனால் அதில் 9 நிறுத்தம் வரைதான் சேர்க்க முடியும், அதுவும் நீங்கள் கொடுத்த வரிசையில். எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்று அது சொல்லாது. நீங்கள் பணம் கொடுப்பது அந்த வரிசைக்குத்தான். 12 வீட்டுக்கே 47 கோடிக்கு மேல் வரிசைகள் உண்டு. எந்தச் செயலியும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, ஓரளவு நல்லதைப் பிடித்துத் தருகிறது.

உங்கள் பகுதியில் வரிசைதான் முக்கியம். தி.நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் ரயில் பாதையைக் கடக்க வேறு வழியில் சுற்ற வேண்டியிருக்கும். பழைய வரிசையையே பிடித்துக்கொண்டு நாலு முறை கடந்தால் நாலு சுற்று. மாம்பலம் பக்கத்தை மொத்தமாக முடித்துவிட்டு ஒரே ஒருமுறை கடப்பதுதான் சரி.

ஆகவே இலவசச் சோதனைக் காலத்தில் போன வாரத்து நடை ஒன்றை அப்படியே ஏற்றுங்கள். பாதி நடையில் அந்தச் சுரங்கப்பாதையை அடைத்துக் காட்டுங்கள். கேன் இறக்கிய வீடுகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் மாற்றி அடுக்குகிறதா? சாலையை அடைக்கும் வசதியே இல்லையென்றால் வாங்காதீர்கள். நெரிசல் தகவல் ஓடும் வண்டிகளில் உள்ள போன்களிலிருந்து வருவது. வண்டியே போகாத சந்தில் தோண்டிய பள்ளம் செயலிக்குத் தெரியாது, ஓட்டுநர்தான் சொல்ல வேண்டும்.

எடையையும் நேரத்தையும் நீங்களே பதியுங்கள். 750 கிலோ தாங்கும் வண்டியில் 20 லிட்டர் கேன் 35தான். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு 6 நிமிடமாவது வையுங்கள். இதை விட்டால் பத்தாவது வீட்டிலேயே கணக்கு உதைக்கும்.

இரண்டு நிமிட மிச்சத்துக்கெல்லாம் வரிசையைக் கலைக்கும் செயலியை ஓட்டுநர் இரண்டே நாளில் மூடிவிடுவார். 10 நிமிடமாவது மிச்சமானால்தான் மாற்று என்று வைக்க முடிகிறதா என்று கேளுங்கள்.

கட்டணம் வண்டிக்கா, நிறுத்தத்துக்கா? தினமும் ஒரே வீடுகளுக்குப் போகும் உங்களுக்கு வண்டிக் கணக்கே கட்டுபடியாகும். முகவரியை மட்டும் நம்பாமல், வாசலில் நின்று ஒவ்வொரு வீட்டின் இடக்குறியை (லொகேஷன்) பதியுங்கள். அந்தப் பட்டியலை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியாவிட்டால் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டாம்.