விருப்ப ஓய்வுக் கடிதத்தில் உங்கள் அண்ணன் கையெழுத்திட வேண்டாம்

வணக்கம். அரசுத் துறை ஓட்டுநரான உங்கள் அண்ணன் விபத்தில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த பிறகு, விருப்ப ஓய்வு எழுதித் தருமாறு அலுவலகத்தில் வற்புறுத்துவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கும் இதே நிலை வந்தது. தட்டச்சு செய்த கடிதம் மேசையில் தயாராக இருந்தது. கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிகூடப் போட்டு வைத்திருந்தார்கள். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்தது நல்லதாயிற்று.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 20(4)ஆம் பிரிவின்படி, பணிக்காலத்தில் உடற்குறைபாடு நேர்ந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது. பழைய வேலையை அவரால் செய்ய இயலாதெனில் அதே ஊதிய விகிதத்திலும் பணிப்பயன்களிலும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும், அதுவும் இல்லையெனில் தகுந்த பணி கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ மிகைப் பணியிடத்தில் (ஒப்பளிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் கூடுதலாக உருவாக்கும் பணியிடம்) வைத்திருக்க வேண்டும். ஆகவே, ‘காலியிடம் இல்லை’ என்பது சட்டப்படி ஒரு பதிலே அல்ல. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு இருந்தது. ஓர் ஊழியர் இயலாமை ஓய்வூதியம் பெறுகிறார் என்பதற்காக இப்பாதுகாப்பை மறுக்க முடியாதென்று, பணியின்போது காயமடைந்து காலை இழந்த காவலர் குணால் சிங் தொடுத்த வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாற்றுப் பணி கேட்டு, இப்பிரிவைக் குறிப்பிட்டு, மருத்துவச் சான்றுடன் அலுவலகத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, நகலில் தேதியுடன் ஒப்புதல் பெறுங்கள். அவர் 2 வாரங்களுக்குள் விசாரிக்க வேண்டும். பயனில்லையெனில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.