லினக்ஸில் பெரிய லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டு) எடுத்துவிட்டு சின்ன லாக் போடுவது வெறும் தேடி மாற்றுகிற வேலைதானா?

அப்படித்தான் உங்கள் டீம் லீட் சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

லினக்ஸில் 1996-இல் 2.0 பதிப்போடு பிகேஎல் (பிக் கெர்னல் லாக்) என்ற பெரிய லாக் வந்தது. எத்தனை பிராசசர் இருந்தாலும் கெர்னலுக்குள், அதாவது ஓஎஸ்ஸின் மையத்துக்குள், ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் இடம். அதை அங்குலம் அங்குலமாகப் பெயர்த்து, ஒருவழியாக 2011 மே மாதம் 2.6.39-இல்தான் கடைசித் துண்டையும் எடுத்தார்கள். 15 வருடம்! உங்களுக்கு இரண்டு வாரம் பத்தவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் கதைக்கு வருகிறேன். மோட்டார் அதிர்வை அளக்கும் ஒரு கார்டுக்கு டிரைவர் (கார்டை இயக்கும் கெர்னல் கோடு) பார்த்துக்கொண்டிருந்தேன். 2.6.36-இல் புரோக்ராம்கள் பிகேஎல்லைப் பிடித்தபடி டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் பழைய ஐஓசிடிஎல் வழியையே தூக்கிவிட்டார்கள், டிரைவர் கம்பைல் ஆகவில்லை. சரி என்று புதிய வழிக்கு மாற்றி, உள்ளே நுழைந்ததும் ஒரு மியூடெக்ஸ் (இந்த டிரைவருக்கு மட்டுமான சின்ன லாக்), வெளியேறும்போது அன்லாக் என்று போட்டேன். லேபில் சிக்னல் ஜெனரேட்டர் வைத்து மூன்று நாள் ஓட்டினேன், பிசிறில்லை.

கஸ்டமர் இடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு மோட்டாரை நிறுத்தினார்கள். ஒரு புரோக்ராம் வராத டேட்டாவுக்காகக் காத்துத் தூங்குகிறது. 'நிறுத்து' கட்டளை அனுப்பும் இன்னொன்று வாசலிலேயே நிற்கிறது. பிஎஸ் (ஓடும் புரோக்ராம்களின் பட்டியல்) போட்டால் அதன் எதிரே 'டி', அதாவது இடையில் எழுப்ப முடியாத தூக்கம். வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் ஒன்பது அடித்தும் அசையவில்லை. 120 விநாடி கழித்து கெர்னலின் பதிவேட்டில் புலம்பல் வேறு.

விஷயம் இதுதான்: பிகேஎல்லைப் பிடித்தபடி தூங்கப் போனால் கெர்னலே அதை விடுவித்து, எழுந்ததும் திரும்ப வாங்கித் தரும். மியூடெக்ஸ் அப்படியில்லை, பிடித்தவர் விடும்வரை அவருடையதுதான். தூங்கும் முன் நானே விட்டு, எழுந்தபின் வாங்கி, 'இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறோமா' என்று மறுபடி சரிபார்க்க வேண்டியிருந்தது. அப்புறம் டேட்டா சேரும் பஃபருக்குத் தனியாக ஒரு ஸ்பின்லாக் (தூங்காமல் சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்), ஏனென்றால் இன்டரப்டும் (கார்டு கூப்பிட்டதும் ஓடும், தூங்கக் கூடாத கோடு) அந்த பஃபரைத் தொடுகிறது. (லாக் இல்லாமலே டேட்டாவைப் படிக்க விடும் ஆர்சியு முறை பற்றிப் பேசவில்லையே என்று யாராவது வருவீர்கள். தெரியும் சார், இந்த டிரைவருக்கு அது தேவைப்படவில்லை.)

மொத்தம் நாற்பது வரி மாற்றம், மூன்று வாரம். அந்த வருட அப்ரைசலில் 'வேகம் போதாது' என்று எழுதினார்கள். கலர் கலராக டாஷ்போர்டு போட்டவருக்கு நல்ல ஹைக். போகலாம் என்றால் மூன்று மாத நோட்டீஸ் பீரியட். அதுவரை எந்தக் கம்பெனி காத்திருக்கும்?

அதை விடுங்கள். வேலையைத் தொடங்கும்முன் கெர்னலிலேயே இருக்கும் லாக் சோதனைக் கருவியான லாக்டெப்பை ஆன் செய்துகொள்ளுங்கள். இரண்டு லாக்கை முன்பின்னாக மாற்றிப் பிடித்தால் கத்திவிடும். ஆனால் என்னுடைய சிக்கலை அது பிடித்திருக்காது. அங்கே இருந்தது ஒரே ஒரு லாக்தானே.