16 பாருக்கு ஒரே ஒரு பிட்

சேலம் அம்மாப்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கல்யாண பேண்டு செட்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவன். இப்போது மெல்லிசைக் குழுவில் இருக்கிறேன். பாட்டைப் பிசகாமல் வாசிப்பேன். நடுவில் 16 பார் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) சொந்தமாக வாசிக்கச் சொன்னால் விரல் ஸ்கேலிலேயே மேலும் கீழும் ஓடுகிறது. சின்னச் சின்ன பிட்டாகப் பழகு என்கிறார்கள். எத்தனை பிட், எப்படிப் பழகுவது? மே மாதம் ஏற்காட்டில் நிகழ்ச்சி இருக்கிறது."

எத்தனை என்பதை முதலில் முடித்துவிடலாம்: இப்போதைக்கு ஒன்று. பிட் என்றால் சில ஸ்வரங்கள் சேர்ந்த ஒரு சின்னத் தொடர்; ஆங்கிலத்தில் லிக் என்பார்கள். ஜாஸ் ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் சோலோக்களை அலசி இசை ஆய்வாளர் தாமஸ் ஓவன்ஸ் 1974-இல் ஓர் ஆய்வேடு எழுதினார். பார்க்கர் திரும்பத் திரும்பக் கையாண்டதாக அதில் அவர் வகைப்படுத்திய பிட்டுகள் சுமார் நூறுதான். பார்க்கருக்கே அவ்வளவுதான் என்றால், நூற்றுக்கணக்கான லிக் அடங்கிய பிடிஎஃப் வாங்கி வைத்து நாம் என்ன செய்யப் போகிறோம்?

இதை எடுத்துக்கொள்ளுங்கள்: ரி ம த ஸ் – நி த ப ம – க. சங்கராபரண ஸ்வரங்கள், 'ஸ்' மேல் ஸட்ஜம். ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம். ஸட்ஜத்தை சி என்று வைத்தால் முதல் நான்கும் டி மைனர் செவன் என்ற கார்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்), அடுத்த நான்கும் ஜி செவனுக்கு, கடைசி காந்தாரம் சி மேஜருக்கு. கார்டு மாறும் இரண்டு இடத்திலும், 'ஸ்' நிஷாதத்துக்கும் 'ம' காந்தாரத்துக்கும் அரை ஸ்வரம் இறங்குவதைக் கவனியுங்கள். கீபோர்டு இல்லாமலே கார்டு மாறுவது காதில் விழும். ஸ்கேலை வெறுமனே ஓட்டினால் இது கிடைக்காது. ஆல்டோ ஈ ஃப்ளாட் வாத்தியம் என்பதால், கீபோர்டுக்காரர் சி மேஜரில் இருந்தால் உங்கள் விரலுக்கு அது ஏ மேஜர். பிட் பி-யில் தொடங்கும்.

வாத்தியத்தைத் தொடுமுன் வாயால் பாடுங்கள். பாட வராத பிட் மேடையில் சமயத்துக்கு வராது. அப்புறம் தட்டு போடும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து வாசித்து, ஸட்ஜத்தை மாற்றி மாற்றி பன்னிரண்டு சுருதிக்கும் கொண்டு போங்கள். மே மாதத்துக்குள் பன்னிரண்டும் முடியாது என்றால், பாடகர்களிடம் பாட்டுப் பட்டியலை வாங்கி அதில் உள்ள சுருதிகளை முதலில் பாருங்கள். நடு பி-யிலிருந்து டி-க்குப் போகும் இடத்தில் தடுக்கும். ஒரு விரல் மூடியிருந்த இடத்தில் ஆறு விரலும் ஆக்டேவ் கீயும் ஒரே சமயத்தில் விழவேண்டும். அந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் தனியாக எடுத்துத் தேயுங்கள்.

இதுவரை மனப்பாடம்தான். அப்படியே மேடையில் இறக்கினால் ஒட்டுப் போட்ட துணி மாதிரி தனியாகத் தெரியும். நாதஸ்வரக்காரர்கள் பல்லவிக்குச் சங்கதி போடுவதைக் கேட்டிருப்பீர்கள். வரி அதேதான், சுற்றுக்கு ஓர் இடம் மாறும். இங்கும் அதுதான் வேலை. அரைத் தட்டு தள்ளித் தொடங்குங்கள். காந்தாரத்துக்குப் பதில் பஞ்சமத்தில் நிறுத்துங்கள். நடுவில் இரண்டு ஸ்வரத்தை விழுங்குங்கள். 16 பாருக்கும் இந்த ஒரு பிட்டும் அதன் சங்கதிகளும் தவிர வேறெதுவும் கூடாது. இரண்டு பார் வாசித்தால் இரண்டு பார் சும்மா இருக்கவேண்டும். ஊர்வலம் முழுக்க விடாமல் ஊதிப் பழகியவருக்கு இந்தச் சும்மா இருப்பதுதான் பெரிய கஷ்டம். போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். அன்றே கேட்டால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்!

நீங்கள் வாசிக்கும் எல்லாப் பாட்டிலும் இந்தக் கார்டு வரிசை வராது. ஒரே கார்டில் நிற்கும் இடத்துக்கு மோகனத்தில் ஒரு பிடி, 'க ப த ஸ் த ப' என்று வைத்துக்கொண்டு இதே பாடுதான். வீடுகள் ஒட்டிய தெருவில் இரவு ஊத முடியாது. விரலை மட்டும் ஓட்டிக்கொண்டு பாடினாலும் பயன் உண்டு.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மே மாதமே ஆனாலும் மாலையில் குளிரும், வாத்தியத்தின் சுருதி இறங்கும். முதலில் ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கிவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள். குளிர்ந்திருக்கும்போதே மவுத்பீஸை உள்ளே தள்ளிச் சேர்த்தால், இரண்டாவது பாட்டுக்குள் சுருதி ஏறிவிடும்.