ஆசிரியர் இல்லாத நாளில் ஆங்கில வகுப்பு: கேள்வி பதில்

ஆங்கில ஆசிரியர் விடுப்பில் இருக்கும்போது மாணவர்களுக்கு எத்தகைய எழுத்துவேலையைக் கொடுப்பது என்பது குறித்து வந்த கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அடுத்த வாரம் மூன்று நாள்கள் விடுப்பு எடுக்கிறேன். விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடரும்படி எழுதி வைத்துவிட்டுப் போகலாமா, ஐயா?

பதில்: வேண்டாம். புதிய பாடத்தை நீங்கள் திரும்பி வந்து நடத்துங்கள். நீங்கள் இல்லாத நாளுக்குரிய வேலை, மாணவர்கள் ஏற்கெனவே கற்றதைப் புதிய உரைப்பகுதி ஒன்றில் பயன்படுத்திப் பார்ப்பதாக இருக்க வேண்டும். கற்காத ஒன்றைக் கொடுத்தால், விளக்க ஆளில்லாத வகுப்பில் நாற்பது பேரும் ஒரே தவற்றைப் பழகிவிடுவார்கள். நீங்கள் வந்து அதை அழிப்பதற்கே இரண்டு பாடவேளைகள் போய்விடும்.

குறிப்பை எழுதும்போது, அதைப் படிக்கப்போகிறவருக்கு உங்கள் வகுப்பைப் பற்றி எதுவும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒரு முறை நான் "பயிற்சி 3ஐ முடிக்கவும்" என்று மட்டும் எழுதி வைத்துவிட்டுச் சென்றேன். அந்தப் பாடத்தில் வாசிப்புப் பகுதியிலும் ஒரு மூன்றாம் பயிற்சி, இலக்கணப் பகுதியிலும் ஒரு மூன்றாம் பயிற்சி. பாதி வகுப்பு ஒன்றையும் மீதி வகுப்பு மற்றொன்றையும் செய்து வைத்திருந்தன. அன்றிலிருந்து பக்க எண், பயிற்சியின் முதல் வரி, எழுத வேண்டிய நோட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் உரிய நிமிடங்கள் ஆகிய நான்கையும் எழுதாமல் நான் விடுப்பில் போவதில்லை.

நாற்பது நிமிடப் பாடவேளை என்றால் வருகைப் பதிவுக்கும் குறிப்பை வாசித்துக் காட்டுவதற்கும் 5, மௌன வாசிப்புக்கு 10, தனியாக எழுதுவதற்கு 15, பக்கத்திலிருப்பவருடன் ஒப்பிட்டுப் பார்க்க 7, தாள்களை வாங்கி அடுக்க 3 என்று பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: எந்த வகைப் பயிற்சி இதற்கு மிகவும் பொருந்தும்?

பதில்: என்னுடைய முதல் தேர்வு, ஓர் உரைப்பகுதியில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு நிரப்பச் சொல்லும் குளோஸ் பயிற்சி. வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர் 1953-இல் இதை அறிமுகப்படுத்தியபோது மாணவரைச் சோதிப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. ஒரு கட்டுரை வாசிக்க எளிதா கடினமா என்பதை அளக்கவே இதை உருவாக்கினார். மொழி வகுப்புக்குள் இது பிற்பாடுதான் வந்தது.

ஏறத்தாழ 160 சொற்கள் கொண்ட பகுதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் தொடாமல் விட்டால் சுமார் 140 சொற்கள் மிஞ்சும். அவற்றில் ஒவ்வோர் ஏழாவது சொல்லையும் நீக்கினால் 20 கோடிட்ட இடங்கள் கிடைக்கும். இப்படி எண்ணி நீக்கும்போது, நாம் தேர்ந்தெடுத்துக் கேட்கும் பெயர்ச்சொற்கள் மட்டுமல்லாமல் "தி", "ஆஃப்", "ஹாஸ்" போன்ற சிறு சொற்களும் அகப்படும். தடுமாற்றம் உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

பகுதியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. உதவியின்றி ஓர் உரையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள் கூறுகின்றனர். அதாவது ஐம்பது சொற்களுக்கு ஒன்றுதான் தெரியாததாக இருக்கலாம். பாடநூலில் இப்போது நடந்துகொண்டிருக்கும் பாடத்தைவிடச் சற்று எளிய பகுதியே விடுப்பு நாளுக்கு ஏற்றது.

கேள்வி: நான் கணித ஆசிரியர். ஆங்கில ஆசிரியர் வராத நாள்களில் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. மாணவர்கள் இலக்கணச் சந்தேகம் கேட்டால் என்ன செய்வது?

பதில்: ஊகித்துச் சொல்லாதீர்கள். கரும்பலகையின் ஓர் ஓரத்தில் "ஆசிரியரிடம் கேட்க" என்று தலைப்பிட்டுச் சந்தேகங்களை எழுதச் சொல்லுங்கள். பாடவேளை முடிந்ததும் ஒரு மாணவர் அவற்றைத் தாளில் பெயர்த்தெழுதிக் கொடுக்கட்டும். சொற்பொருள் சந்தேகமென்றால் அகராதியைக் கையில் கொடுத்தாலே போதும்.

இதில் பெரும்பங்குத் தவறு விடுப்பில் செல்பவருடையது என்பதையும் சொல்லியாக வேண்டும். விடைகளை மட்டும் எழுதி வைத்துக் காரணத்தை எழுதாமல் போனால் பாதி வேலையே நடந்திருக்கிறது. "எ", "ஆன்" பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்துக்கு முன் "ஆன்" என்று படித்த நினைவில், "ஆன் ஹவர்" என்று சரியாக எழுதிய மாணவியின் விடையை எங்கள் பள்ளியில் மாற்று ஆசிரியர் ஒருவர் அடித்துவிட்டார். அடுத்த வரியில் "ஆன் யூனிவர்சிட்டி" என்ற தவற்றுக்கு மதிப்பெண் போட்டிருந்தார். "எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள், ஹவர் என்பதில் முதலெழுத்து ஒலிப்பதில்லை, யூனிவர்சிட்டி என்பது யகர ஒலியில் தொடங்குகிறது" என்று விடைத்தாளில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால், கணித ஆசிரியரும் அதைத் தெளிவாக விளக்கியிருப்பார்.

கேள்வி: ஆசிரியர் வராத நாளெல்லாம் என் மகள் எழுத்துக் கட்டத்தில் சொல் தேடும் புதிரோடு வீட்டுக்கு வருகிறாள். அதில் பயன் உண்டா?

பதில்: மிகக் குறைவு. பொருள் தெரியாமலேயே எழுத்துகளைப் பொருத்தி அதை முடித்துவிடலாம். கண்டுபிடித்த சொற்களில் ஐந்தை வைத்து ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லுங்கள். அப்போது அது ஆங்கிலப் பயிற்சியாகிவிடும்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஆசிரியர் கொடுத்துச் சென்ற பத்தியைத் தமிழில் எழுதிக் கைப்பேசிச் செயலியில் மொழிபெயர்த்துக் கொடுத்தால் தவறா, ஐயா?

பதில்: மறைத்துச் செய்தால் தவறு, தம்பி, ஒப்பிட்டுச் செய்தால் நல்ல பயிற்சி. முதலில் நீயே ஆங்கிலத்தில் எழுது. பிறகு செயலி தருவதைப் பக்கத்தில் வைத்து, வேறுபடும் மூன்று இடங்களை அடிக்கோடிட்டு, ஏன் வேறுபடுகிறது என்று ஒரு வரி எழுது.

"எனக்குத் தலை வலிக்கிறது" என்ற வாக்கியத்தைப் பார். தமிழில் வலிப்பது தலை. "எனக்கு" என்பது நான்காம் வேற்றுமையில் நிற்கிறது. ஆங்கிலத்தில் "ஐ ஹாவ் எ ஹெட்ஏக்" என்று சொல்லும்போது "நான்" எழுவாயாகிவிடுகிறது, வலி நான் வைத்திருக்கும் பொருளாகிவிடுகிறது. "பசிக்கிறது", "பிடிக்கும்", "தெரியும்" என்று நாம் "எனக்கு" போட்டுத் தொடங்கும் பலவற்றிலும் ஆங்கிலம் "ஐ" என்றுதான் தொடங்கும். செயலியின் விடையைப் படியெடுத்தால் இந்த மாற்றம் உன் கண்ணில் படவே படாது.

கேள்வி: மூன்று நாள் விடுப்பு முடிந்து வந்தால் திருத்தக் கட்டுக்கட்டாகத் தாள்கள் காத்திருக்கின்றன. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள்: 40 மாணவர்கள், மூன்று நாள்கள், நாளுக்கு ஒரு பக்கம் என்றால் 120 பக்கங்கள்; பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்றாலே நான்கு மணி நேரம். ஆகவே முதல் இரண்டு நாள் வேலையும் மாணவர்கள் விடையைப் பார்த்துத் தாங்களே திருத்திக்கொள்ளக் கூடியதாக இருக்கட்டும். மூன்றாம் நாளின் பத்தியை மட்டும் நீங்கள் திருத்துங்கள், அதுவும் ஒரே ஒரு கூறுக்காக: இறந்த காலம் என்றால் இறந்த காலம் மட்டும். ஆனால் எதையும் பார்க்காமல் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஒரு முறை அப்படி நடந்தால், அடுத்த விடுப்பில் யாரும் பேனாவைத் திறக்க மாட்டார்கள்.

கேள்வி: காலையில் திடீரென்று காய்ச்சல். எதையும் தயார் செய்ய நேரமில்லை என்றால்?

பதில்: அதற்கான கோப்பைக் கல்வியாண்டின் முதல் வாரத்திலேயே வைத்துவிட வேண்டும். மாணவர் பெயர்ப்பட்டியல், அமரும் இடங்களின் வரைபடம், எந்தப் பாடத்தையும் சாராமல் தனித்து நிற்கும் மூன்று பயிற்சித்தாள்கள், காரணத்துடன் கூடிய விடைகள் ஆகியவை போதும். தாள்களை முன்கூட்டியே படியெடுத்து வையுங்கள். அச்சுப்பொறியும் அன்றைக்கென்று பார்த்து விடுப்பு எடுக்கும்.

கேள்வி: பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பேசத் தொடங்கும் மாணவர்களை என்ன செய்வது? ஆங்கில ஆசிரியை வகுப்பு நடத்தினாலும் இதே தொல்லை, அவருக்கு மாற்றாக நான் நடத்தினாலும் இதே தொல்லை.

பதில்: அந்த உரைப்பகுதிக்கு அவர்களையே நான்கு வினாக்கள் எழுதச் சொல்லுங்கள், விடை ஒரே வரியில் இருக்கக் கூடாது, குறைந்தது இரண்டு வரிகளைச் சேர்த்துப் படித்தால்தான் கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேகமாக முடித்தவர்கள் இதில் நின்று நிதானிப்பார்கள். நல்ல வினாக்களைக் கோப்பில் சேர்த்து வையுங்கள். அடுத்த விடுப்புக்கான பயிற்சித்தாளுக்கு அவை உதவும்.