வாசல்தோறும் வேதனை: சினிமாப் பாட்டை வைத்து பௌத்தம் நடத்தலாமா?

தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கும் டீச்சர் கேட்டிருக்கிறார்: "ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தர் சொன்ன நான்கு பேருண்மைகளை (துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழியான எண்வழிப் பாதை) மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. தெரிந்த சினிமாப் பாட்டுகளை வைத்து நடத்தலாமா? எந்தப் பாட்டு, எப்படி? தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது."

தாராளமாக நடத்துங்கள் டீச்சர். அந்தப் பயமும் இருக்கட்டும், நல்லதுதான். தத்துவப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு "இதைத்தான் புத்தரும் சொன்னார்" என்று முடித்துவிடுவதுதான் இதில் பலரும் செய்கிற தப்பு. நம்ம சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசனையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலையாமையை அவ்வளவு எளிமையாகப் பாடியவர், ஆனால் அவர்தான் 'அர்த்தமுள்ள இந்து மதம்' எழுதியவரும். அவர் பாட்டுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் பட்டினத்தாரும் சித்தர்களும். அதனால் பாட்டும் புத்தரும் எதுவரை ஒன்றாகப் போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். அந்தப் பிரிகிற இடத்தில்தான் பாடம் உள்ளே இறங்குகிறது என்பது என் அனுபவம்.

முதல் பாட்டு, அவர் எழுதி 1962-இல் வந்த 'சுமைதாங்கி' படத்தின் 'மயக்கமா கலக்கமா'. செல்போனில் வீடியோவாகக் காட்டாதீர்கள். நான் ஒருமுறை காட்டினேன், பிள்ளைகள் நடிகரைப் பார்த்தார்களே தவிர வரியைக் கேட்கவே இல்லை. ஒலியை மட்டும் போடுங்கள், அல்லது நீங்களே பாடுங்கள். அப்புறம் ஒரே ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதுங்கள்: "வாசல் தோறும் வேதனை இருக்கும்." எழுதிவிட்டு கிசா கோதமி கதைக்குப் போய்விடுங்கள்.

கதையை நம்ம தெருவில் வைத்துச் சொல்லலாம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், குழந்தையின் உடலைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு அலைகிறாள். ஒரு பிடி கடுகு வாங்கிவா, ஆனால் சாவே நடக்காத வீட்டிலிருந்து வாங்கிவா என்கிறார் புத்தர். முதல் வீட்டு முகப்பில் நின்று கேட்கிறாள். கடுகுக்கா பஞ்சம், அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் இருக்கிறது, அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "இந்த வீட்டில் யாராவது செத்துப்போயிருக்கிறார்களா?" என்று கேட்டதும் நீட்டிய கை அப்படியே நிற்கிறது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. இந்த இடத்தில் வகுப்பு சத்தமில்லாமல் இருக்கும், நீங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள்.

இனி பாட்டின் கடைசிப் பகுதிக்கு வாருங்கள். "உனக்கும் கீழே உள்ளவர் கோடி" என்று நினைத்து நிம்மதி தேடச் சொல்கிறது. கிசா கோதமிக்கு அமைதி அப்படியா வந்தது? தன்னைவிட மோசமாக இருப்பவர்களைப் பார்த்தா? கேளுங்கள். அவளுக்குக் கீழே யாரும் இல்லை, எல்லா வீடும் அவள் வீட்டைப் போலத்தான் இருந்தது. ஒரு பிள்ளையாவது இதைச் சொல்லிவிடும். முதல் பேருண்மையை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எந்தப் பிள்ளை வீட்டிலாவது அண்மையில் சாவு நடந்திருந்தால் இந்தக் கதையைத் தள்ளிவையுங்கள். 'வீடு வரை உறவு' பாட்டையும் ஆறாம் வகுப்புக்கு நான் எடுக்கமாட்டேன், ஒன்பது, பத்துக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பேருண்மை, துன்பத்துக்குக் காரணமான ஆசை. பெரும்பாலும் குழப்பம் இங்கேதான் வருகிறது. "ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்று சொன்னவுடன், கொஞ்சம் யோசிக்கிற பிள்ளை "அப்போ கலெக்டர் ஆகணும்னு ஆசைப்படுறதும் தப்பா டீச்சர்?" என்று கேட்கும். நியாயமான கேள்வி. புத்தர் சொன்ன பாலிச் சொல் 'தண்ஹா', அதற்குத் தாகம் என்று பொருள். தமிழின் பௌத்தக் காப்பியமான மணிமேகலை அதை வேட்கை என்கிறது. நீர்வேட்கை என்று நாம் சொல்கிறோமே, அதே வேட்கைதான். நல்ல காரியம் செய்ய வேண்டும் என்கிற விருப்பத்துக்குப் பாலியில் 'சந்த' என்று வேறு சொல்லே இருக்கிறது. கலெக்டர் கனவு அதில் சேரலாம்.

இதற்கு 'ரோஜா' படத்தின் 'சின்னச் சின்ன ஆசை'யைப் போல் உதவுகிற பாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. வைரமுத்து ஒரு வரியில் "சிறகடிக்கும் ஆசை" என்கிறார், அடுத்த வரியில் "முடிந்து வைத்த ஆசை" என்கிறார். இரண்டும் ஒன்றா? அப்பத்தா முந்தானையில் காசை முடிந்துவைப்பது பிள்ளைகளுக்குத் தெரியும். கைக்குட்டை நுனியில் ஒரு ரூபாயை முடியச் சொல்லுங்கள், முடிச்சை இறுக்கிப் பார்க்கட்டும். துன்பம் ஒன்றைச் சார்ந்து ஒன்றாக எப்படி வருகிறது என்கிற பன்னிரண்டு சார்புகளை மணிமேகலை வரிசையாகச் சொல்லும்போது நடுவில் "நுகர்வே வேட்கை பற்றே" என்று வரும். கந்தரப்பம் நாக்கில் இனிக்கிறது, அது நுகர்வு. இன்னொன்று வேணும் என்று மனசு கேட்கிறது, அது வேட்கை. தம்பிக்குத் தெரியாமல் சம்படத்தை ஒளித்துவைத்தால் அது பற்று. முடிச்சு விழுவது அங்கேதான்.

இவ்வளவும் ஆன பிறகு இந்த நான்கு வரியை எழுதுங்கள்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பே ரின்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

கோவலனை இழந்து நிற்கும் மாதவிக்கு பௌத்தத் துறவி அறவண அடிகள் சொன்னதாக மணிமேகலையில் வருகிறது. நான்கு பேருண்மைகளும் இதில் இருக்கின்றன, ஆனால் பாடப்புத்தகத்தில் உள்ள வரிசையில் இல்லை. எது எந்த உண்மை என்று பிள்ளைகளே அடுக்கட்டும். காவியம் தொடங்குவது காவிரிப்பூம்பட்டினத்தில், நம்ம செட்டிநாட்டு நகரத்தார் தங்கள் பூர்வீகம் என்று சொல்கிற அதே ஊர். அங்கே பல்லவனீச்சுரத்தில் தோண்டியபோது பழைய பௌத்த விகாரை ஒன்று வெளிப்பட்டது. 'பௌத்தம் எங்கேயோ வடக்கே உள்ளது' என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

முடிந்தால் மூடிக்கிடக்கும் நகரத்தார் பெரிய வீடு ஒன்றின் முகப்பு வரைக்காவது கூட்டிப்போங்கள். அந்தத் தேக்குத் தூண்கள் புத்தரைக் கும்பிடும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வியாபாரம் செய்ய, போனவர்கள் அங்கே வயலும் வட்டித்தொழிலும் பெருக்கியதையும், 1942-இல் ஜப்பான் படை நுழைந்தபோது எத்தனையோ பேர் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்ததையும் தூணைத் தொட்டுக்கொண்டே சொல்லலாம். நிலையாமைக்குத் தனியாகப் பாட்டுத் தேட வேண்டாம்.

ஒரு பீரியடுக்கு ஒரு பாட்டு போதும், அதிலும் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். எண்வழிப் பாதையை மட்டும் பாட்டில் தேடி அலையாதீர்கள், பொருந்துகிற மாதிரி ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. அதை நேரடியாகவே நடத்திவிடுங்கள்.