கன்னடத்தில் ‘அணிவது’ எப்படி? ஓசூர் வாசகருக்குப் பதில்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் பணிபுரியும் வாசகர் ஒருவர், ஆங்கிலத்தில் உள்ள அறிவிப்புப் பலகையைக் கன்னடத்திலும் எழுத வேண்டியிருப்பதாகச் சொல்லி ஐயம் கேட்டிருக்கிறார். ஹெல்மெட்டும் ஷூவும் கட்டாயம், சேலை அணிந்தவர்கள் மேலங்கி போட வேண்டும், வளையலோடு இயந்திரத்தின் அருகே வரக்கூடாது, தேய்ந்துபோன கையுறைகளை மாற்ற வேண்டும் என்ற நான்கு வரிகளிலும் ஆங்கிலத்தில் ‘வேர்’ (wear) என்ற ஒரே வினைதான் ஏதோ ஒரு வடிவத்தில் வருகிறது. அகராதியோ அதற்குத் தரிஸு, உடு, தொடு, முடி, ஹாக்கிக்கொள்ளு, ஸவெ என்று அடுக்குகிறது. எதை எங்கே இடுவது என்பது அவருடைய கேள்வி.

எதை அணிகிறோம், உடலில் எங்கே அணிகிறோம் என்பதைப் பார்த்தே கன்னடம் வினையைத் தேர்ந்தெடுக்கிறது. இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற சேலைக்கும் வேட்டிக்கும் உரியது ‘உடு’. நம்முடைய ‘உடு’வும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தைத்த ஆடைக்கும் வளையல் முதலிய நகைகளுக்கும் ‘தொடு’ வரும். ‘உடுகெ தொடுகெ’ என்ற இணைச்சொல் மொத்த உடையலங்காரத்தையும் குறிப்பது இந்தப் பாகுபாட்டால்தான். தமிழருக்குத் ‘தொடு’ என்றால் விரலால் தீண்டுவது மட்டுமே நினைவுக்கு வரும் என்றாலும், சங்க இலக்கியத்தில் செருப்புக்குத் ‘தொடுதோல்’ என்ற பெயர் இருப்பதை எண்ணினால் இந்தப் பொருள் நமக்கும் அந்நியமன்று. கன்னடச் செய்தித்தாள்களில் ‘பண தொட்டித்தாரெ’ என்று கண்டால் பணத்தைத் தொட்டார்கள் என்று படித்துவிடக் கூடாது. சபதம் பூண்டிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள்.

கூந்தலில் பூச்சூடுவதற்கு ‘முடி’. ஆனால் வேலை முடிந்தது என்று சொல்ல அங்கே இந்தச் சொல் உதவாது. அதற்கு ‘முகி’ என்ற வேறு வினை உண்டு. செருப்புக்குப் பழைய வழக்கில் ‘மெட்டு’ என்பார்கள். தாடிக்கு, நம் ஊரில் போலவே, ‘பிடு’, அதாவது விடுவதுதான்.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியாதவருக்கு இரண்டு பொதுச்சொற்கள் கைகொடுக்கும். பேச்சில் ‘ஹாக்கிக்கொள்ளு’, சுருக்கமாக ‘ஹாக்கோ’. சட்டை, ஷூ, மூக்குக்கண்ணாடி என்று பெரும்பாலானவற்றுக்கும் இது பொருந்தும். இதிலுள்ள ‘கொள்ளு’ என்ற துணைவினை, தனக்குத்தானே செய்துகொள்வதைக் காட்டுகிறது. குழந்தைக்கு உடை போட்டுவிடுவதானால் ‘ஹாக்கு’ மட்டும் போதும். எழுத்தில், குறிப்பாக அறிவிப்புகளில், ‘தரிஸு’. வடமொழி வழி வந்த இந்தச் சொல்லை வீட்டுப் பேச்சில் பயன்படுத்தினால் செய்தி வாசிப்பது போல் ஒலிக்கும், ஆனால் பலகைக்கு இதைவிடத் தகுந்த சொல் இல்லை. தமிழர்கள் வழக்கமாகச் சறுக்குவது ‘அணி’யில்தான். இன்றைய கன்னடத்தில் ‘அணியாகு’ என்றால் ஆயத்தமாகு என்று பொருள். தமிழ்ப் பொருளை நம்பி ‘ஹெல்மெட் அணி’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காது.

காலத்தைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். அவள் சேலை உடுத்தியிருக்கிறாள் என்ற நிலையை ஆங்கிலம் தொடர்நிகழ்கால வடிவில் சொல்வதால், மொழிபெயர்ப்பு மென்பொருளும் அவசரக்காரர்களும் ‘அவளு ஸீரெ உடுத்தித்தாளெ’ என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு, கொசுவம் மடித்துக்கொண்டிருக்கிறாள், கதவைத் தட்டாதீர்கள் என்பது போன்ற பொருள் வந்துவிடும். உடுத்தி முடித்த நிலைக்கு ‘உட்டித்தாளெ’ என்பதே சரி. தமிழில் ‘கட்டியிருக்கிறாள்’, ‘கட்டிக்கொண்டிருக்கிறாள்’ என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடே இது. ஆகவே ஆங்கிலத்திலிருந்து நேரடியாகப் போகாமல், வாக்கியத்தை முதலில் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டுக் கன்னடத்துக்குச் செல்வது நல்லது.

அணிவதற்கும் தேய்வதற்கும் களைத்துப்போவதற்கும் ஆங்கிலத்தில் ‘வேர்’ வினையே வந்தாலும், தேய்வதைக் குறிக்கும் ‘ஸவெ’க்கும் அணிவதற்கும் கன்னடத்தில் தொடர்பே இல்லை. டயர், செருப்பு, படிக்கட்டு ஆகியவை தேய்ந்தால் ‘ஸவெதிதெ’ என்பார்கள். மனிதர் களைத்துப்போனால் இந்தச் சொல் பொதுவாக வராது. ‘தணிதித்தானெ’ அல்லது பேச்சில் ‘ஸுஸ்தாகிதெ’ என்பார்கள். ஐயம் எழுந்தால் ஆங்கிலம்–கன்னட அகராதியோடு நின்றுவிடாமல், 1894இல் மங்களூரில் வெளிவந்த கிட்டெல் பாதிரியாரின் கன்னட–ஆங்கில அகராதியில் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே பார்க்கலாம். பழைய நூல்தான், ஆனால் இத்தகைய சொற்களைப் பிரித்தறிய இன்றும் உதவுகிறது.

வாசகரின் பலகைக்கு நான் பரிந்துரைப்பவை இவை: ‘ஹெல்மெட் மத்து ஷூ கட்டாயவாகி தரிஸி’, ‘ஸீரெ உட்டவரு மேலங்கி தரிஸபேக்கு’, ‘பளெ தொட்டு யந்த்ரத பளி பரபேடி’, ‘ஸவெத கைகவஸுகளன்னு பதலாயிஸி’. முதல் வரியிலுள்ள ‘கட்டாய’ என்பதைக் கன்னடத்தில் மெலிந்த ‘ட’ ஒலியோடு உச்சரிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அது தெரியாது. ‘தரிஸி’யின் முதலெழுத்து, ‘தர்மம்’ என்பதில் வருகிற மூச்சொலி சேர்ந்த எழுத்து. கன்னடத்தில் அதற்கு அடியில் ஒரு சிறு கோடு உண்டு. பலகை எழுதுபவர் அந்தக் கோட்டை விட்டுவிட்டால் சொல் பிழையாகிவிடும் என்பதால், வண்ணம் காய்வதற்கு முன் அதை மட்டுமாவது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.