தாவோ தே ஜிங்கை எழுதியவர் லாவோட்சுதானா?

“தாவோ தே ஜிங்கை உண்மையில் எழுதியது யார்? அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாவோ மரபின் அடிப்படையான இந்தப் பழைய சீன நூல், ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. பல தலைமுறைகளின் கைபட்டு வளர்ந்த நூல் அது.

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். பழைய சீனத்தின் சௌ வம்ச அரசவையில் ஆவணக் காப்பாளரான லாவோட்சு, அரசு சீரழிவதைக் கண்டு மனம் வெறுத்துக் கிளம்புகிறார். கணவாய்க் காவல் அதிகாரி கெஞ்சிக் கேட்டதால், சுமார் 5000 எழுத்துகளில் ஒரு நூலை எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்துபோகிறார். இதைப் பதிவு செய்த சிமா சியென் என்ற வரலாற்றாசிரியரே, லாவோட்சு வேறு ஆளாகவும் இருக்கலாம் என்று இன்னும் இருவரைச் சொல்கிறார். கி.மு. 100 வாக்கிலேயே குழப்பம்தான்!

உண்மையான சான்று கல்லறைகளிலிருந்து வந்தது. 1973-இல் சாங்ஷா நகரத்தின் மாவாங்துய் கல்லறையில் இரண்டு பட்டுச் சுவடிகள் கிடைத்தன. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-இல். ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங்கின் பெயரிலுள்ள ‘பாங்’ என்ற எழுத்தை ஒரு சுவடி தாராளமாக எழுதுகிறது. மற்றதோ மன்னர் பெயரை எழுதக்கூடாது என்று அதே பொருள் தரும் வேறு எழுத்தைப் போடுகிறது. ஆக, முதல் சுவடிதான் பழையது. நூலுக்கு ‘தாவோ’ (வழி), ‘தே’ (நற்பண்பு) என்று இரண்டு பகுதிகள். இன்றைய வரிசைக்கு நேர்மாறாக, இரண்டு சுவடிகளிலுமே ‘தே’ பகுதி முன்னால், ‘தாவோ’ பகுதி பின்னால்!

அப்புறம் 1993-இல் ஹூபே மாகாணத்தின் குவோதியனில் மூங்கில் சுவடிகள் கிடைத்தன. ஏறக்குறைய கி.மு. 300-ஐச் சேர்ந்தவை. இன்றைய நூலில் பாதிகூட இல்லை, வரிசையும் வேறு. என்னை மிகவும் யோசிக்க வைத்தது 19-ஆம் அதிகாரத்தின் பாடபேதம். நம் கையிலுள்ள பாடம் அன்பையும் அறத்தையும் கைவிடச் சொல்கிறது. இரண்டும் கன்ஃபூசியஸ் மரபு தலையில் வைத்துக் கொண்டாடியவை. குவோதியன் சுவடியில் அந்த இடத்தில் போலித்தனத்தைக் கைவிடு என்றுதான் இருக்கிறது. கன்ஃபூசியர்களோடு மல்லுக்கட்டும் தொனி பின்னால் வந்து சேர்ந்தது என்றே நினைக்கிறேன்.

மதிப்பு விஷயத்துக்கு வருவோம். மலையடிவாரத் துறவிகளின் நூல் என்று பலர் நினைக்கிறார்கள். அரண்மனையில்தான் அதற்கு முதல் செல்வாக்கு. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் தோவ் பேரரசிக்கு இந்த நூல் மேல் அவ்வளவு பக்தி. ‘வேலைக்காரர் பேச்சு’ என்று இதை இகழ்ந்த கன்ஃபூசிய அறிஞர் யுவான் குவைப் பன்றிப் பட்டியில் இறக்கிப் பன்றியோடு மோத விட்டாராம். பேரரசியின் மகனான மன்னர் ஜிங் ரகசியமாகக் கூர்மையான ஆயுதம் கொடுத்ததால் அவர் பிழைத்தார். மதம் அப்புறம்தான்: கி.பி. 142-இல் லாவோட்சு தனக்குக் காட்சி தந்ததாகச் சொன்ன சாங் தாவோலிங்கின் இயக்கத்தில் லாவோட்சு தெய்வமானார். சீனத்தின் தாங் வம்ச மன்னர்கள் தங்களை அவர் வழிவந்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். 647-இல் காமரூப (இன்றைய அசாம் பகுதி) மன்னருக்காக இதைச் சமஸ்கிருதத்தில் பெயர்க்கும் வேலை யுவான் சுவாங்கிடம் தரப்பட்டது.

படிக்க நினைத்தால், 23 வயதிலேயே இறந்துபோன வாங் பி எழுதிய உரையோடு வரும் பதிப்பில் தொடங்குங்கள். இன்றைய மொழிபெயர்ப்புகளில் பெரும்பாலானவை அவர் பாடத்தை ஒட்டியவை. பிறகு குவோதியன் பாடத்தைப் பக்கத்தில் வைத்து 19-ஆம் அதிகாரத்தை மட்டுமாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.